ஜெசரோ விசிறியின் சரிவை அளக்க எந்த ஜோடிப் படம்?

எங்கள் கரையோரத்துக் கல்லூரி ஒன்றில் நிலவியல் படிக்கும் சில பிள்ளைகள் கடைசி வருட ப்ராஜெக்ட்டுக்கு ஒரு கேள்வியோடு வந்தார்கள். செவ்வாயில் ஜெசரோ என்று ஒரு பள்ளம் இருக்கிறது, குறுக்களவு சுமார் 45 கிலோமீட்டர். விண்கல் மோதி உண்டான அந்தப் பள்ளத்துக்குள் ஒரு காலத்தில் ஏரி இருந்தது. மேற்குப் பக்கமிருந்து ஓர் ஆறு வந்து விழுந்து, அடித்துக்கொண்டு வந்த வண்டலை விசிறி விரித்தாற்போல் பரப்பிவிட்டுப் போயிருக்கிறது. 2021 பிப்ரவரி 18 அன்று பெர்சிவரன்ஸ் ஊர்தியை அங்கே இறக்கியதே இந்த விசிறிக்காகத்தான். அது எவ்வளவு சரிவு, விண்கலம் எடுத்த படங்களை மட்டும் வைத்து அதை அளக்க முடியுமா என்பது பிள்ளைகளின் கேள்வி. வைகை கடலில் சேரும் ஆற்றங்கரைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது தோன்றியதில் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

அளக்க முடியும். ஆனால் எந்தப் படத்தை எடுப்பது என்பதில் முதல் வாரமே ஒரு முடிவுக்கு வந்துவிட வேண்டும். அவர்களிடம் இருப்பது 16 ஜிபி நினைவகம் உள்ள ஒரு லேப்டாப், சுமாரான நெட், மூன்று மாத அவகாசம். இதே நிலையில் இருக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் உதவட்டும் என்று நாங்கள் பேசியதை இங்கே எழுதுகிறேன்.

முதலில், ஜோடிப் படத்திலிருந்து உயரம் எப்படி வருகிறது? பாம்பனிலிருந்து படகில் போகும்போது கரையைப் பாருங்கள். பக்கத்துப் பனை சட்டென்று பின்னால் ஓடும். தூரத்தில் நிற்கும் ராமேஸ்வரம் டிவி டவர், 323 மீட்டர் உயரம் உள்ளது, நகராத மாதிரி கூடவே வரும். கிட்டே இருப்பது அதிகம் நகர்கிறது, எட்டே இருப்பது குறைவாக நகர்கிறது. விண்கலத்துக்கு மலை உச்சி கிட்டே, பள்ளம் எட்டே. ஒரே நிலத்தை இரண்டு கோணத்தில் படம் எடுத்து, ஒவ்வொரு புள்ளியும் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்தால் உயரம் கிடைத்துவிடும். பள்ளிக்கூடத்தில் இடமாறு தோற்றம் என்று படித்தது இதுதான்.

கணக்கும் எளிது. இரண்டு படங்களையும் எடுத்த இடங்களுக்கு நடுவே உள்ள தூரத்தை, நிலத்திலிருந்து விண்கலம் இருக்கும் உயரத்தால் வகுக்க வேண்டும். இதை அடித்தள விகிதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிக்சல் நிலத்தில் எத்தனை மீட்டர், அதில் எத்தனையில் ஒரு பங்கு வரைக்கும் கம்ப்யூட்டர் புள்ளிகளைச் சரியாகப் பொருத்துகிறது என்ற இரண்டையும் பெருக்கி, அந்த விகிதத்தால் வகுத்தால் உயரத்தில் எதிர்பார்க்கக்கூடிய பிழை வரும். பிக்சல் 6 மீட்டர், பொருத்தம் ஐந்தில் ஒரு பங்கு, விகிதம் 0.3 என்றால் பிழை 4 மீட்டர். விகிதம் பெரிதாக இருந்தால் பிழை குறையும். அதற்காகக் கோணத்தை ரொம்பவும் விரித்தால் ஒரே பாறை இரண்டு படத்திலும் வேறு வேறு முகம் காட்டும், செங்குத்தான சுவர்கள் ஒரு படத்தில் மறைந்தே போகும். அப்போது கம்ப்யூட்டரால் பொருத்த முடியாது.

நம்ம ஊரையே முதலில் செய்து பார்க்கலாமா?

இதை மற்றவற்றைவிட அதிக நேரம் பேசினோம். காரணம் இருக்கிறது. 2005 மே 5 அன்று இஸ்ரோ ஏவிய கார்ட்டோசாட்-1, ஜோடிப் படம் எடுப்பதற்கென்றே கட்டியது. ஒரு கேமரா 26 டிகிரி முன்னால் சாய்ந்திருக்கும், இன்னொன்று 5 டிகிரி பின்னால். பிக்சல் 2.5 மீட்டர். முன் கேமரா பார்த்த இடத்தையே 52 விநாடி கழித்துப் பின் கேமரா பார்க்கும். அதிலிருந்து உருவான நாட்டின் உயர வரைபடம் இஸ்ரோவின் புவன் என்ற வரைபடத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சொந்த ஊர், சொந்த செயற்கைக்கோள், நேரில் போய் சரிபார்க்கலாம். இதைவிட என்ன வேண்டும் என்று தோன்றும்.

சிக்கல் நம்ம நிலத்தில் இருக்கிறது. ராமநாதபுரம் கரை தட்டையோ தட்டை. ஊரே கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் மேலேதான் கிடக்கிறது. புவனில் கிடைக்கும் வரைபடத்தின் உயரத் துல்லியம் 8 மீட்டர் அளவுக்கு, கட்டம் 30 மீட்டருக்கு ஒன்று. நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று ஊரெல்லாம் சொல்லும் ஆர்.எஸ்.மங்கலம் கண்மாயை எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு பெரிய கண்மாய்! அதன் கரையோ ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடும் அகலம்தான். கரையின் உயரமும் பிழையின் அளவுக்குள்ளேயே முங்கிவிடும். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று நம்ம ஊர் விவசாயிக்குத் தெரிகிற நுணுக்கம் அந்த வரைபடத்துக்குத் தெரியாது.

அடுத்தது செடி கொடி. கேமராவுக்குத் தெரிவது மேல்பரப்பு மட்டும். சீமைக்கருவேலம் அடர்ந்த இடத்தில் நிலம் என்று வரைபடம் காட்டுவது கருவேலத்தின் தலையை. பனந்தோப்பில் இன்னும் மோசம், பனைக்குப் பனை உயரம் குதிக்கும். செவ்வாயில் மரமும் இல்லை, வீடும் இல்லை. அங்கே அளந்த உயரம் எல்லாமே நிலத்தின் உயரம். இது எவ்வளவு பெரிய வசதி என்று நம்ம ஊர் வரைபடத்தோடு ஒரு நாள் மல்லுக்கட்டினால்தான் புரியும்.

மணலைப் பற்றியும் சொல்ல வேண்டும். தனுஷ்கோடிக்குப் போகிற வழியில் இறங்கி நின்று பாருங்கள். வெயிலில் வெளுத்த மணல் ஒரே நிறமாகப் பரந்து கிடக்கும். நடுநடுவே அடம்பங்கொடி படர்ந்த திட்டுகள், கரும்பச்சையாக, விளிம்பு ஒழுங்கில்லாமல். ஜோடிப் படத்தைப் பொருத்தும் சாஃப்ட்வேருக்கு அந்தக் கொடித் திட்டுதான் பிடிமானம். ஒரு படத்தில் உள்ள சின்னச் சதுரத்தை இன்னொரு படத்தில் தேடும்போது, கொடியின் விளிம்பு இருந்தால் இதுதான் அந்த இடம் என்று உறுதியாகப் பிடித்துக்கொள்ளும். வெறும் மணலில் பக்கத்துச் சதுரமும் அதே மாதிரி, அதற்கடுத்ததும் அதே மாதிரி. எதையோ ஒன்றைப் பிடித்து ஒரு உயரத்தை எழுதிவிடும், அல்லது அந்த இடத்தை ஓட்டையாக விட்டுவிடும். கடலில் சொல்லவே வேண்டாம். 52 விநாடியில் அலை எத்தனை முறை மாறிவிடுகிறது!

இதெல்லாம் சேர்ந்து, நம்ம கரையை முடிவு தரும் ப்ராஜெக்ட்டாக எடுக்க வேண்டாம் என்று சொன்னேன். பயிற்சிக்கு மட்டும் எடுங்கள் என்றேன். ஓட்டை எங்கே விழும், பொய் உயரம் எங்கே முளைக்கும் என்று நேரில் போய்த் தொட்டுப் பார்க்கும் வசதி செவ்வாயில் கிடையாது. தூசி மூடிய வழவழப்பான சமவெளியை ஜெசரோ படத்தில் பார்க்கும்போது, இது தனுஷ்கோடி மணல் மாதிரி ஏமாற்றும் இடம் என்று கண் தானே சொல்ல வேண்டும்.

படமே வேண்டாம், லேசர் போதுமா?

நம்ம கடலிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தனுஷ்கோடிக்கு அப்பால் ராமர் பாலத் திட்டுகளின் கடலடி அமைப்பை இஸ்ரோ ஆய்வாளர்கள் 2024-ல் வரைபடமாக வெளியிட்டார்கள். அதற்கு அவர்கள் பயன்படுத்தியது நாசாவின் ஐஸ்சாட்-2 செயற்கைக்கோளின் பச்சை லேசர். ஆழமில்லாத தெளிந்த தண்ணீருக்குள் அந்த ஒளி இறங்கி, தரையில் பட்டுத் திரும்பும். ஜோடிப் படம் கைவிடும் இடத்தில் லேசர் கைகொடுத்தது.

செவ்வாய்க்கும் லேசர் அளவீடு இருக்கிறது. மார்ஸ் குளோபல் சர்வேயர் கலத்தில் போன மோலா என்ற கருவி 2001 வரை கோள் முழுவதையும் அளந்தது. அதன் உயரம் சுமார் ஒரு மீட்டர் அளவுக்கு நம்பகமானது. பொருத்திப் பார்க்கும் வேலையே இல்லை, மணலோ பாறையோ ஒளி பட்டுத் திரும்பினால் உயரம் தெரிந்துவிடும். குறை என்னவென்றால் புள்ளிகள் தூரம் தூரமாக விழுகின்றன. கலம் போகும் திசையில் 300 மீட்டருக்கு ஒரு புள்ளி, ஒவ்வொரு புள்ளியும் நிலத்தில் 150 மீட்டருக்கும் மேல் அகலம். ஒரு தடத்துக்கும் பக்கத்துத் தடத்துக்கும் நடுவே செவ்வாயின் நடுக்கோட்டுப் பகுதியில் சில கிலோமீட்டர் வெற்றிடம்கூட உண்டு. பள்ளத்தின் மொத்த ஆழம் கேட்டால் மோலா அழகாகச் சொல்லும். விசிறியின் விரல்கள் ஒவ்வொன்றும் அதில் தெரியாது. அதனால் மோலாவைத் தனியாக எடுக்க முடியாது. ஆனால் அதை விட்டுவிடவும் முடியாது, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

மங்கள்யான் படங்களை எடுக்கலாமா என்று ஒரு மாணவி ஆசையாகக் கேட்டார். 2014 செப்டம்பர் 24 அன்று அது செவ்வாயைச் சுற்ற ஆரம்பித்தபோது நாமெல்லாம் கொண்டாடினோம். அதன் வண்ணக் கேமரா அகலமான காட்சிகளுக்கானது, ஜோடிப் படம் எடுப்பதற்காக அமைத்தது இல்லை. இந்த வேலைக்கு ஆகாது.

மூன்று கேமராக்கள்

ஆக, போட்டி மூன்று கேமராக்களுக்கு நடுவில்தான்.

ஐரோப்பாவின் மார்ஸ் எக்ஸ்பிரஸ் 2003 டிசம்பரில் செவ்வாயை அடைந்தது. அதில் ஜெர்மானியர்கள் செய்த ஹெச்.ஆர்.எஸ்.சி. என்ற கேமரா இருக்கிறது. ஒன்பது வரிசை உணரிகள் ஒரே நேரத்தில் நிலத்தை வருடும். ஒன்று நேர் கீழே பார்க்கும், ஜோடிக்கான இரண்டு முன்னும் பின்னும் 18.9 டிகிரி சாய்ந்திருக்கும். முன் உணரி பார்த்த இடத்தைப் பின் உணரி ஓரிரு நிமிடத்தில் பார்த்துவிடுவதால் வெயில் ஒன்று, நிழல் ஒன்று, தூசியும் ஒன்று. பொருத்துவதற்கு இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது. அடித்தள விகிதம் 0.68 வருகிறது, அதுவும் அருமை. நேர் கீழே பார்க்கும் படத்தின் பிக்சல் மிக நெருக்கத்தில் 12 மீட்டர் அளவு. தயார் செய்த உயர வரைபடங்களே 50 முதல் 100 மீட்டர் கட்டத்தில் டவுன்லோடு பண்ணக் கிடைக்கின்றன. உயரப் பிழை நடைமுறையில் 10 மீட்டரை ஒட்டி வரும்.

இந்தப் பத்து மீட்டர் நம் கேள்விக்குப் போதுமா? ஒரு கணக்குக்கு, விசிறி 5 கிலோமீட்டர் தூரத்தில் 50 மீட்டர் இறங்குகிறது என்று வைப்போம். மேல் முனையில் 10 மீட்டர் ஒரு பக்கமும், கீழ் முனையில் 10 மீட்டர் மறுபக்கமும் பிழை வந்தால், அந்த 50 என்பது 30 ஆகவும் தெரியலாம், 70 ஆகவும் தெரியலாம். சரிவு 0.6 சதவீதமா 1.4 சதவீதமா என்று சொல்ல முடியாத அளவீட்டை வைத்து ஆற்றைப் பற்றி என்ன பேசுவது? பள்ளத்தின் விளிம்பு, ஆறு வந்த நெரேட்வா பள்ளத்தாக்கு, சுற்றியுள்ள மேடு பள்ளம் என்று பெரிய காட்சிக்கு ஹெச்.ஆர்.எஸ்.சி. மாதிரி வேறு இல்லை. விசிறிக்கு அது கொஞ்சம் முரடு.

அடுத்த இரண்டும் ஒரே கலத்தில் இருக்கின்றன. 2005-ல் ஏவி 2006 மார்ச்சில் செவ்வாயை அடைந்த மார்ஸ் ரிகானசன்ஸ் ஆர்பிட்டர். அதில் சி.டி.எக்ஸ் கேமராவின் பிக்சல் 6 மீட்டர், படத்தின் அகலம் 30 கிலோமீட்டர். செவ்வாயின் ஏறக்குறைய முழுப் பரப்பையும் அது எடுத்துவிட்டது. ஹைரைஸ் கேமராவின் பிக்சல் கால் மீட்டரிலிருந்து 30 சென்டிமீட்டர் வரை, அகலம் 6 கிலோமீட்டர்தான். ஹைரைஸில் ஒரு மேஜை அளவுப் பாறைகூடக் கண்ணில் படும்.

இரண்டுமே ஒரே கடப்பில் ஜோடி எடுப்பதில்லை. ஒரு முறை ஒரு சாய்வில் படம் எடுக்கும், வேறொரு சுற்றில் கலம் பக்கவாட்டில் திரும்பி இன்னொரு சாய்வில் எடுக்கும். நடுவில் நாள்களும் போகலாம், மாதங்களும் போகலாம். அந்தக் கலம் எப்போதும் உள்ளூர் நேரம் பிற்பகல் மூன்று மணியை ஒட்டித்தான் கடக்கும் என்பதால் நிழல் ஓரளவு ஒத்துப்போகும். ஆனாலும் பருவம் மாறினால் சூரியன் ஏறி இறங்கும், வானில் தூசி கூடும். 2018-ல் கோளையே மூடிய தூசிப் புயல் மாதிரி ஒன்றின்போது எடுத்த படத்தில் நிலமே கலங்கிக் கிடக்கும். அதனால் ஜோடி தேர்ந்தெடுக்கும்போது மூன்று விஷயம் பாருங்கள் என்று சொன்னேன். இரண்டு படத்துக்கும் நடுவே கோண வித்தியாசம் 15 முதல் 25 டிகிரி வரை இருக்கட்டும். சூரியக் கோணம் முடிந்தவரை ஒன்றாக இருக்கட்டும். படத்தைப் பெரிதாக்கிக் கண்ணால் பார்த்து, பாறை விளிம்புகள் கூர்மையாகத் தெரிந்தால் மட்டும் எடுங்கள்.

பிள்ளைகளுக்கு ஹைரைஸ் மேல்தான் மனசு. அது நியாயம்தான், அந்தப் படங்களின் அழகு அப்படி. கணக்குப்படி உயரப் பிழை சென்டிமீட்டர்களில் வரும், உயர வரைபடத்தின் கட்டம் ஒரு மீட்டர். ஆனால் ஒரு படமே 20,000 பிக்சல் அகலம், ஜிபி கணக்கில் எடை. அதன் உணரிகள் பல துண்டுகளாக இருப்பதால் சேர்த்துத் தைக்க வேண்டும். படம் எடுக்கும்போது கலத்தில் வரும் மெல்லிய நடுக்கம் உயர வரைபடத்தில் இல்லாத அலைகளை உண்டாக்கும், அதையும் நீக்க வேண்டும். அந்த லேப்டாப்பில் இதைத் தொடங்கினால் மூன்று மாதமும் தையல் வேலையிலேயே போய்விடும். அப்புறம், 6 கிலோமீட்டர் அகலத்துக்குள் விசிறி முழுதாக விழாது, பல ஜோடிகளை ஒட்ட வேண்டும். ஒவ்வொரு ஒட்டிலும் ஒரு படி மாதிரி உயரம் ஏறி இறங்கினால், சரிவு என்ற கேள்விக்கே அது ஆபத்து.

சி.டி.எக்ஸ் என்றால் ஒரே ஜோடியில் விசிறி முழுவதும், வரும் ஆறும், பள்ளத்தின் தரையும் அடங்கும். கோணம் நன்றாக அமைந்தால் பிழை 4 மீட்டரை ஒட்டி. முன்பு சொன்ன 50 மீட்டர் இறக்கம் மிக மோசமான நிலையில் 42-க்கும் 58-க்கும் நடுவில் நிற்கும். அதை வைத்துப் பேசலாம். நாசாவின் ஏம்ஸ் ஸ்டீரியோ பைப்லைன், அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் ஐசிஸ் என்ற இரண்டு இலவச சாஃப்ட்வேர்களும் லினக்ஸில் ஓடும். படத்தை முதலில் சிறிதாக வெட்டி, விசிறி இருக்கும் பகுதியை மட்டும் ஓட்டினால் அந்த லேப்டாப் இரவோடு இரவாக முடித்துவிடும்.

இங்கே மோலா திரும்ப வருகிறது. ஜோடிப் படம் வடிவத்தை நன்றாகச் சொல்லும். ஆனால் கலம் எங்கே எப்படித் திரும்பியிருந்தது என்ற தகவலில் துளி பிசகினாலும் மொத்த வரைபடமும் ஒரு பக்கம் மெல்லச் சாய்ந்துவிடும். மேடும் பள்ளமும் அப்படியே சரியாக இருக்கும், படத்தைப் பார்த்தால் குறையே தெரியாது. 30 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் சாய்ந்தாலும் விசிறியின் சரிவில் அது அப்படியே கலந்துவிடும். வேறு கேள்வி என்றால் பரவாயில்லை. சரிவையே கேட்கிறவர்கள் இதை விட்டால் எல்லாம் போச்சு. அதனால் சி.டி.எக்ஸ் வரைபடத்தை மோலா புள்ளிகளின் மேல் வைத்துப் பொருத்த வேண்டும். ஏம்ஸ் சாஃப்ட்வேரிலேயே அதற்கு வழி இருக்கிறது. புள்ளிகள் கொஞ்சமாக இருந்தாலும் சாய்வை நிமிர்த்த அவை போதும். பொருத்திய பிறகு மிச்சமிருக்கும் வித்தியாசத்தை க்யூஜிஸ் என்ற வரைபட சாஃப்ட்வேரில் வண்ணமிட்டுப் பார்க்கச் சொன்னேன். வண்ணம் சிதறலாக இருந்தால் நிம்மதி. ஒரு மூலையில் சிவப்பும் எதிர் மூலையில் நீலமுமாகப் பிரிந்திருந்தால் சாய்வு இன்னும் போகவில்லை என்று பொருள்.

என் முடிவு இதுதான்: சி.டி.எக்ஸ் ஜோடி ஒன்று, மோலாவோடு கட்டியது. பெர்சிவரன்ஸ் இறங்குவதற்காக அமெரிக்க நிலவியல் ஆய்வகம் ஜெசரோவுக்கு சி.டி.எக்ஸ், ஹைரைஸ் இரண்டிலும் உயர வரைபடம் செய்து வெளியிட்டிருக்கிறது. தயாராக இருக்கும்போது நாமே ஏன் செய்ய வேண்டும் என்று ஒரு தம்பி கேட்டார். அதை டவுன்லோடு பண்ணி ஒரு கோடு போட்டால் ஒரே நாளில் சரிவு வந்துவிடும்தான். ஆனால் அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று கேட்டால் பதில் இருக்காது. நீங்கள் செய்த வரைபடத்தையும் அவர்களுடையதையும் கழித்துப் பாருங்கள், வித்தியாசம் எங்கே குவிகிறது, ஏன் என்று எழுதுங்கள் என்றேன். ஹைரைஸ் ஆசையை அங்கே தீர்த்துக்கொள்ளலாம். விசிறியின் முனையில் செங்குத்தாக வெட்டிய மாதிரி நிற்கும் பகுதிக்கு மட்டும் அவர்களின் ஹைரைஸ் வரைபடத்தை எடுத்து, அடுக்கடுக்கான படிவுகளைப் பார்க்கட்டும். 6 மீட்டர் பிக்சலில் அந்த அடுக்குகள் கிடைக்காது.

வேறு கேள்வியோடு வருகிறவர்களுக்கு இந்த முடிவு பொருந்தாது. நிலவுப் பள்ளங்களை அளக்க விரும்பினால் சந்திரயான்-2 கலத்தின் டி.எம்.சி-2 கேமராவைத்தான் முதலில் சொல்வேன். மூன்று திசையிலும் ஒரே கடப்பில் பார்க்கும், பிக்சல் 5 மீட்டர், அகலம் 20 கிலோமீட்டர். முன்னும் பின்னும் 25 டிகிரி சாய்வு என்பதால் அடித்தள விகிதம் 0.9-ஐத் தாண்டுகிறது, கணக்குப்படி உயரப் பிழை ஒரு மீட்டரை ஒட்டி வரும். தரவு இஸ்ரோவின் பிரதான் தளத்தில் பதிவு செய்தால் கிடைக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். நிலவில் காற்று இல்லாததால் நிழலுக்குள் சிதறி விழும் வெளிச்சம் மிகக் குறைவு. தென் துருவப் பக்கம் போகப் போக நிழல் நீண்டுகொண்டே போகும், நிழல் விழுந்த இடமெல்லாம் வரைபடத்தில் ஓட்டை. முதல் முயற்சிக்கு நடுக்கோட்டை ஒட்டிய பள்ளம் ஒன்றை எடுங்கள். உச்சி வெயிலில் எடுத்த படமும் வேண்டாம், அதில் நிழலே இல்லாமல் நிலம் வெளுத்து, பொருத்துவதற்குப் பிடிமானம் இல்லாமல் போகும். சூரியன் அடிவானத்திலிருந்து 30 முதல் 50 டிகிரி உயரத்தில் இருந்தபோது எடுத்ததா என்று தகவல் கோப்பில் பார்த்துவிட்டு டவுன்லோடு போடுங்கள்.